இருபத்தேழரை அங்குலம்

எங்கள் பைன் ஃபோர்க்ஸில் ஒருவனிடம் வயதைக் கேட்கலாம், எடையைக் கேட்கலாம், பெண்டாட்டி ஏன் விட்டுப்போனாள் என்றுகூடக் கேட்கலாம். உண்மையே வரும். வில்லை எத்தனை அங்குலம் இழுப்பாய் என்று மட்டும் கேட்டுவிட்டால் பொய்தான் வரும். நான் முப்பத்தொரு வருடமாக இருபத்தொன்பதரை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விஸ்கான்சின் மாநிலம் முழுவதும் என் பேச்சை நம்பியது, என் மனைவி மார்ஜீனைத் தவிர. சமையலறை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "அந்த வில்லு உனக்குப் பெருசு ஆரின், நாண் போய்க் காதுல முத்தம் குடுக்குது" என்பாள். அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அவள் கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிறது.

இந்த வசந்தத்தில் என் தோளை அறுத்துத் தைத்த டாக்டர், இனி எழுபது பவுண்டு பலம் போட்டு இழுக்கிற வில்லைத் தொடக்கூடாது என்றார். முப்பத்துநாலு வருடம் பனி வாரும் லாரி ஓட்டியவன் நான். மேகத்தையே ஓரம் தள்ளியிருக்கிறேன். ஆனாலும் டாக்டர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். ஜூன் மாத முதல் செவ்வாய்க்கிழமை லோர்னா ஜாஸ்ட்ரோவின் கடைக்குப் போனேன். முன்பக்கம் மீன் தூண்டிலும் உயிர்ப்புழுவும், பின்பக்கம் வில். அதற்கும் பின்னால் இருபது கஜத்துக்கு அம்பு விட்டுப் பார்க்க ஒரு நீளக் கொட்டகை.

லோர்னா என்னைச் சுவரோடு நிறுத்தி, இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, டேப்பைப் பிடித்தாள்.

"விரலை நீட்டாதீங்க ஆரின்."

"நீட்டல. என் விரலே அவ்வளவு நீளம்."

"அறுபத்தெட்டே முக்கால். ரெண்டரையால வகுத்தா இருபத்தேழரை."

"உன் டேப்பு சுருங்கிடுச்சு."

"இது இரும்பு டேப்பு."

பிறகு முழங்கையைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். தோளைக் கீழே அழுத்தினாள். தாடையை ஒரு விரலால் நேராக்கினாள். அவ்வளவுதான் செய்தாள். எல்லாருக்கும் செய்வதுதான். ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் யோசித்தேன்: என்னை வேறொரு மனிதர் தொட்டு எத்தனை நாள் ஆயிற்று? அந்த அறுவை டாக்டர்தான் கடைசி. அவரும் என்னை மயக்கிவிட்டுத்தான் தொட்டார்.

சிக்கல் என்னவென்றால், அன்றே மூன்றாவதாகக் கொடுத்த வில் எனக்குப் பொருந்திவிட்டது. கெஸ்ட்ரல் கம்பெனி வில், ஐம்பத்திரண்டு பவுண்டு. இழுத்தேன். பாதி வழியில் வில்நுனிச் சக்கரங்கள் உருண்டு பாரம் முழுக்கக் கரைந்துபோனது. நாண் வந்து வாயோரத்தில் அமைதியாக உட்கார்ந்தது. கை நடுங்கவில்லை. காது தப்பித்தது. மெதுவாகத் திரும்பவிட்டு, "ப்ச்" என்றேன். "கைப்பிடி ஜில்லுனு இருக்கு. எனக்கு ஒத்துவராது."

வேறென்ன சொல்வது? ஒரு வில்லைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கே போக எனக்கு என்ன காரணம் இருக்கிறது?

வேண்டாம் என்று சொல்ல ஒரு நல்ல சாக்கும் இருந்தது. நான் ஸ்டோடார்ட்காரன்; கெஸ்ட்ரலுக்குப் போட்டிக் கம்பெனி அது. ஸ்டோடார்ட் வில், ஸ்டோடார்ட் தொப்பி, வண்டிக் கண்ணாடியில் ஸ்டோடார்ட் ஸ்டிக்கர், இடது கெண்டைக்காலில் குத்திய ஸ்டோடார்ட் பச்சை. கெஸ்ட்ரல்காரனோடு ஒரே மேசையில் காபிகூடக் குடித்ததில்லை. குடித்தாலும் ரசித்துக் குடித்ததில்லை. அதனால் வாரம் ஒரு வில்லாக எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தேன். ஒன்று கொசு மாதிரி ரீங்கரித்தது. ஒன்று கனமாக இருந்தது, ஒன்று கனமே இல்லாமல் இருந்தது. ஒன்றின் மேல் காட்டில் மறைவுக்காக வரைந்திருந்தது ஓக் இலை, எங்கள் காட்டிலோ பைன். ஸ்டோடார்டின் புது மாடலையும் இழுத்தேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், மாட்டை வாலைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. என் தோளுக்கு அது சேரவில்லை, அவ்வளவுதான். வில்லின் மேல் தப்பில்லை. பதினொரு செவ்வாய்க்கிழமைகளில் நானூறு வில் இழுத்திருப்பேன். கடையில் இருந்தது இருபத்தாறு.

ஒவ்வொரு முறையும் லோர்னா காபி ஊற்றுவாள், முழங்கையைத் திருப்புவாள், என் பெயர் எழுதிய அட்டையில் ஏதோ குறித்துக்கொள்வாள். மற்ற ஆறு நாளும் நான் பேசுவது வானொலியோடு. அது பதில் சொல்லும், ஆனால் கேட்காது.

பன்னிரண்டாவது செவ்வாய்க்கிழமை கடையில் டூயி கூபியாக் நின்றிருந்தான். பிறவிக் கெஸ்ட்ரல்காரன். வில் வேட்டை தொடங்க இன்னும் மூன்று வாரம்.

"டேய் ஆரின், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறவன்கூட இத்தனை வாரம் எடுத்துக்க மாட்டான்டா."

"உன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் எடுத்திருக்கலாம்."

"அதை என் பெண்டாட்டிகிட்ட சொல்லு. அவளுக்குத்தான் வில்லு வாங்க வந்தேன். அந்த ஐம்பத்திரண்டு பவுண்டு கெஸ்ட்ரல். லோர்னா தரமாட்டேங்கறா."

லோர்னா துணியால் கையைத் துடைத்தாள். "அது ஒருத்தர் பேர்ல இருக்கு டூயி. இன்னைக்கு அவர் வேணாம்னா நீ எடுத்துக்கோ." என்னைப் பார்த்தாள். "ஆரின், வேணுமா வேணாமா?"

"என் பேர்லயா? எப்பருந்து?"

அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தாள். முதல் வரி ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை. *கெஸ்ட்ரல், 27½, 52. பொருந்தியது.* அதற்குக் கீழே பத்து வரிகள். பத்திலும் தேதி மட்டும். தேதிக்கு எதிரே ஒன்றும் இல்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதை இழுத்தப்ப நீங்க பேச்ச நிறுத்துனீங்க. உங்களை நான் பேசாமப் பாத்தது அந்த ஒரு தடவைதான்."

டூயி சிரித்தான். நான் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். வேண்டாம் என்றால் டூயியின் பெண்டாட்டிக்கு வில், எனக்கு இன்னும் செவ்வாய்க்கிழமைகள். ஆனால் அந்த அட்டையைப் பார்த்த பிறகு எந்த முகத்தோடு வந்து ஓக் இலையைப் பற்றிப் பேசுவது?

"எடுத்துக்கறேன்" என்றேன்.

"ஐயோ, அந்தக் கால் பச்சைய என்னடா பண்ணுவே?" என்றான் டூயி.

"நீளக் காலுறை போட்டுக்குவேன்."

லோர்னா கொட்டகையில் வில்லின் குறிமுள்ளை இருபது கஜத்துக்குச் சரிபார்த்து, ஒவ்வொரு திருகையும் இறுக்கினாள். கடைசியாக ஒருமுறை முழங்கையைத் திருப்பினாள்.

"லோர்னா இறுக்குனா பூகம்பம் வந்தாலும் அசையாது" என்றான் டூயி. "இனி ஒரு வருஷத்துக்கு நீ இந்தப் பக்கமே வர வேணாம்."

"அசையாதுதான்" என்றாள் லோர்னா. திருகை இறுக்கும் ஒரு சின்ன அல்லன் கீயை எடுத்து என் சட்டைப்பையில் போட்டாள். "அசைஞ்சா கொண்டு வாங்க."

அன்று மாலை வெயிலில் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் பொதியை நிறுத்தி, இருபது கஜம் நடந்து அளந்து, இழுத்தேன். பாரம் கரைந்தது. நாண் வாயோரம் வந்து நின்றது. விட்டேன். அம்பு நட்ட நடுவில். இரண்டாவது அதை உரசிக்கொண்டு நின்றது. மூன்றாவது முதல் அம்பைப் பிளந்தது என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் ஒரு விரல்கடை தள்ளித்தான்.

திரும்பிச் சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் மார்ஜீன் சொன்னதுதான் சரி. இதைவிடப் பெரிய வெற்றி ஒரு மனைவிக்கு வாய்க்காது. கைகொட்டிச் சிரிக்க ஆள் இல்லை. கண்ணாடியில் பைன் மரங்கள் மட்டும் தெரிந்தன.

நான்காவது அம்பும் நடுவில். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கும், பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும்போல.

படியில் உட்கார்ந்து வில்லை மடியில் வைத்துக்கொண்டேன். லோர்னாவின் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்னச் சாவியை எடுத்துக் குறிமுள்ளின் திருகில் வைத்து, கால் சுற்றுக் கழற்றினேன். யோசித்தேன். அவள் கண்ணுக்குக் கால் சுற்று போதாமல் போய்விடலாம்.

இன்னொரு கால் சுற்று.

அடுத்த செவ்வாய்க்கு இன்னும் ஏழு நாள்.