கண்ணை மூடி அடித்த பந்து

தோள் இறுகிப்போனதால்தான் அவள் கோல்ஃப் மட்டையைத் தொட்டாள். நாள் முழுக்கக் கடையில் குனிந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிகளின் பொடித் திருகாணிகளை முடுக்கினால் தோள் என்னதான் செய்யும்? "கைய நல்லா வீசுற மாதிரி ஏதாவது ஆடுங்க" என்றார் மருத்துவர். கடைக்குப் பின்தெருவில் வலை கட்டிய பயிற்சித் திடல் இருந்தது. போனாள். தோள் சரியாகிப் பல மாதம் ஆன பிறகும் போய்க்கொண்டிருந்தாள்.

காரணம், பக்கத்துத் தடுப்பில் பந்து அடிக்கும் லிஃப்ட் மெக்கானிக். மனைவியை இழந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அவளுக்கு ஐம்பதாக இன்னும் கொஞ்சம் இருந்தது. கல்யாணம் கூடிவரவில்லை. ஒரு கட்டத்தில் அதைப் பற்றி வீட்டில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இருவருக்கும் பேச்சு தொடங்கியதே வாக்குவாதத்தில்தான். அவள் கைபேசியை எதிரே நிறுத்தித் தன் வீச்சைப் படம் பிடிப்பாள். மெதுவாக ஓட்டி, இடுப்பு எப்போது திரும்புகிறது, முழங்கை எங்கே மடங்குகிறது என்று பார்த்துத் திருத்துவாள். அவர் எதையும் பார்க்கமாட்டார். வாய்க்குள் ஏதோ பாட்டை முனகுவார். அந்தத் தாளத்தில் மட்டை மேலே போகும், ஒரு கணம் நிற்கும், இறங்கும்.

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா நடை வந்துடுமா மேடம்?" என்றார் ஒருநாள்.

"உங்க பந்து அடுத்த வீட்டுக்குப் போகுதே சார், அதுக்கு இது தேவலை."

பொய்யில்லை. அவர் பந்து வெகுதூரம் போகும், ஆனால் வலப்பக்கம் ஓடிவிடும். அவளுடையது நூல் பிடித்தாற்போல் போய், பாதியிலேயே சோர்ந்து விழும். திடலின் பயிற்சியாளரோ, இரண்டும் வேண்டாம், அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு அடியுங்கள் என்றார். துண்டு கீழே விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: மழைக்காலம் முடியும்வரை அவள் முறையில் அவர், அவர் முறையில் அவள்.

அவள் வீச்சு கந்தலாகிவிட்டது. பந்து பக்கத்திலேயே உருண்டது.

"கண்ண மூடிக்குங்க" என்றார்.

"கண்ணாடி விக்கிறவகிட்ட சொல்ற பேச்சா இது?"

ஆனாலும் மூடினாள். அவர் அருகில் நின்று முனகினார். மட்டை பந்தில் பட்டதே கையில் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது பந்து தூரம் எழுதிய கடைசிப் பலகையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் பந்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அக்கா கேட்டாள்: "நீ பந்து அடிக்கப் போறியா, ஆளப் பாக்கப் போறியா?"

"சும்மா இரு அக்கா."

"ரெண்டு பேரும் வாயப் பூட்டிக்கிட்டே இருங்க, விளங்கிடும்."

மழை விட்ட வாரம், மட்டையைத் துடைத்தபடியே அவர் சொன்னார்: "மக கூப்பிடறா. கைக்குழந்தைய வெச்சுக்கிட்டுத் தனியாத் திண்டாடறா. அந்த ஊருக்கே மாத்தல் வாங்கிட்டேன்."

"நல்லதுதானே" என்றாள்.

"எந்த முறை நல்லதுன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"இன்னும் கொஞ்ச நாள் பாத்தாத்தான் தெரியும்" என்றாள். அவர் தலையாட்டினார். அந்தக் கொஞ்ச நாள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவர் போன பிறகும் அவள் திடலுக்குப் போனாள். பந்து எப்படிப் போனாலும் ஒன்றுதான் என்றாகிவிட்டது. பக்கத்துத் தடுப்பில் யார் கனைத்தாலும் திரும்பிப் பார்த்தாள்.

ஒருநாள் கடையில் இருக்கும்போது அவரே கைபேசியில் கூப்பிட்டார்.

"இங்கயும் ஒரு திடல் இருக்கு. போய்ப் பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"பெருசுதான். ஆனா யாரும் யாரோடயும் சண்டை போடறதில்ல."

இருவரும் சிரித்தார்கள். அவரும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.

"ரயில்ல வந்தா எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

"அரை நாள்."

"ஞாயித்துக்கிழம கடை லீவு."

"ஸ்டேஷனுக்கு வந்துடறேன்" என்றார்.

அவள் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்தாள். அன்று திங்கட்கிழமைதான்.