காப்பகத்துக்கு இன்று விடுமுறை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. தொலைக்காட்சியில் ஓர் அறிஞர், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "சின்னப் பிள்ளைங்க இருக்கிற அம்மாக்களுக்குத் தேர்தல்ல அக்கறை கம்மிதான்" என்றார். அவர் வாயை அடைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: தேர்தலன்று வானம் தெளிவாக... (வேண்டாம். வானத்துக்கு ஓட்டு இல்லை.)

2

அவள் தையல் ஆலையில் காலர் தைப்பவள். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை, கையைப் பிடித்தபடி மூன்று வயது மகள். கணவன் டிரைவர், வாக்குப்பெட்டி ஏற்றும் வண்டியோடு விடியுமுன்பே போய்விட்டான். பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டிருக்கலாமே என்பீர்கள். அந்தக் காப்பகம்தான் வாக்குச்சாவடி! பிள்ளைகளை விடும் இடத்தைப் பூட்டிவிட்டு அங்கேயே வந்து ஓட்டுப் போடச் சொன்ன மகானுபாவன் யாரோ.

மாலை ஆறு வரை இருந்த காப்பகத்தை மூன்று மணியோடு மூட வைத்த கவுன்சிலர் மறுபடி நிற்கிறார். அவரைத் தோற்கடிக்கத்தான் ஒன்றரை மணி நேரமாக வரிசையில் நிற்கிறாள். அக்கறை கம்மியாம்.

3

இன்னும் நாலே பேர்.

"அம்மா, ஒண்ணுக்கு வருது."

"கொஞ்சம் அடக்கிக்கடா செல்லம்."

"முடியலம்மா."

காவலர் கையை விரித்தார். "கழிவறை சாவி காப்பகத்து ஆயாகிட்ட இருக்கும்மா. அவங்களுக்கு இன்னைக்கு லீவு. எதிர்க்கடையில கேளுங்க. ஆறு மணிக்கு கேட்டைச் சாத்திடுவோம். உங்க இடத்தை யாராச்சும் வச்சிருந்தா உள்ள விடுறேன்."

மணி ஐந்து ஐம்பத்தைந்து.

4

ஒரு நல்ல முடிவு எழுதினேன்: எல்லோரும் மனமுவந்து வழிவிட, அவள்... (அடித்துவிட்டேன். படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள்.)

இன்னொன்று: மகள் அங்கேயே நனைத்துவிடுகிறாள், அம்மா அசையாமல் நின்று ஓட்டுப் போடுகிறாள். (குழந்தையை அவமானப்படுத்தித்தான் அம்மாவுக்கு உரிமை வாங்கித் தரவேண்டுமா?)

சரி, உண்மையைச் சொல்லித் தொலைக்கிறேன். அவளுக்குப் பின்னால் நின்றவன் நான்.

"அண்ணா, என் இடத்தைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

தலையாட்டினேன். அவள் இரண்டு பிள்ளைகளோடும் ஓடினாள். வரிசை நகர்ந்தது. "என்ன சார், உள்ள போகலையா?" என்றார் பின்னால் நின்றவர். அவள் வரட்டும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. உள்ளே போய் ஓட்டுப் போட்டேன். வெளியே வரும்போது மூடிய கேட்டருகே அவள் குரல் கேட்டது: "அந்த அண்ணாகிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்." நான் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

5

இதற்கு முடிவெழுத எனக்கு யோக்கியதை இல்லை. மணி இன்னும் ஐந்து ஐம்பத்தெட்டு என்று வைத்துக்கொள்வோம். அவள் தெருவைக் கடந்துகொண்டிருக்கிறாள். என் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள், பின்னால் இருப்பவர் உங்கள் தோளைத் தட்டுகிறார்.