கண்ணை மூடி ஓட்டிய பஸ்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பஸ் ஓட்டியவர் உலகத்திலேயே செல்லதுரை ஒருவர்தான். அதுவும் மார்கழிப் பனியில், வண்டி நிறைய ஆட்களோடு. ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூடக் கீறல் இல்லை. ரிட்டயரான பிறகு அவர் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னதில், அரியலூர் ஆட்டுக்குட்டிகளுக்கே கதை மனப்பாடம்.

ஊரே கேட்டு ரசிக்கும். “புளுகுறான்” என்பவர் ஒருவர்தான். அந்த வண்டியின் கண்டக்டர் வைரக்கண்ணு.

அவர்தான் இன்று செல்லதுரையைப் பெரம்பலூர் கண் ஆஸ்பத்திரிக்கும் கூட்டி வந்திருந்தார். போன வாரம் அவர் சிநேகிதர் ஒரு சிமெண்ட் மூட்டையைப் பார்த்து வணக்கம் வைத்திருந்தார்.

ரத்தம் எடுத்த நர்சிடம், “பாத்தும்மா, பாதி டீசலு. பத்திக்கப் போவுது” என்றார் செல்லதுரை.

டாக்டர் கலையரசி கட்டம் போட்ட தாளை நீட்டினார். “கோடெல்லாம் நேரா தெரியுதுங்களா?”

“எங்க பழைய ரோட்ட எப்பம்மா வரைஞ்சீங்க? அதே வளைவு, அதே பள்ளம்!”

வைரக்கண்ணு சிரித்துவிட்டார். அந்த ரோடு! கூரைமேல் சின்ன வெங்காய மூட்டை, இரண்டு பக்கமும் புளியமரம், எஞ்சின் மூடிமேல் யாரோ ஒரு அம்மா மறந்துவிட்டுப்போன தூக்குவாளி.

மதியம் ரிசல்ட் வந்தது.

“வயசானா வர்ற விழித்திரைக் கோளாறுங்க. இடது கண்ணுல நடுப்பார்வை திரும்பாது. ஓரப்பார்வை இருக்கும். ரத்தத்துல அழற்சி கூடுதலா காட்டுது. அத மட்டும் வச்சு வலது கண்ணும் போயிரும்னு சொல்ல முடியாது. ஆனா பீடிய விடணும். தவறாம வந்து காட்டணும்.”

செல்லதுரை வாயே திறக்கவில்லை. ஊர்வலத்தில் மேளம் நின்றதுபோல் இருந்தது. பிறகு மெல்ல, “வரலங்க. பாதி கண்ண வச்சுக்கிட்டு எங்க வர்றது? வூட்டோட கெடக்குறேன்” என்றார்.

இத்தனை வருஷம் அந்தப் புளுகைத் தாங்கிய வைரக்கண்ணுவால் இந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

“யோவ், வழியில பேரளிகிட்ட அந்தப் பனிய மறந்துட்டியா?”

“அது பொய்யின்னு நீதானேய்யா சொல்லுவ?”

வைரக்கண்ணு டாக்டர் பக்கம் திரும்பினார். அன்று முன்னால் போன லாரியிலிருந்து சிமெண்ட் தூசி பறந்து செல்லதுரையின் இரண்டு கண்ணிலும் அப்பியது. பின்னால் வரிசையாக லாரிகள், நிறுத்தினால் மோதிவிடும். டிப்போவுக்குத் தெரிந்தால் இருவர் வேலையும் போயிருக்கும். அன்று பூட்டிய வாயை, பென்ஷன் வாங்கியும் அவர் திறந்ததில்லை.

“டாக்டரம்மா, இவனை அடுத்த தடவையும் நானே கூட்டியாரேன். அரியலூர் வரைக்கும்ங்கிறது புளுகு. பேரளி ஏரிக்கரை வரைக்குந்தான். ஆனா கண்ண மூடிக்கிட்டுத்தான் ஓட்டுனான். நடந்துச்சுங்க. படியில தொங்கிக்கிட்டு, விசில் ஊதி வழி சொன்னது நாந்தான்.”