கரண்ட் போன வீடு

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் வீட்டில், டி.வி.க்குக் கீழே ஒரு ஃபயர்வால் பெட்டி இருந்தது. இணையத் திருடர்கள் அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் நுழையக் கூடாதென்று மகள் மாட்டிய காவல் அது. திருட அங்கே என்ன கொட்டிக் கிடக்கிறது என்று கேட்காதீர்கள். பெற்ற மகளின் கவலை அப்படி. வேலைக்காக வெளியூர் போகும்போது படித்துப் படித்துச் சொன்னாள்: "நிறுத்தணும்னா ஸ்கிரீன்ல ஷட்டவுன் குடுங்க. லைட் எல்லாம் அணைஞ்ச பிறகுதான் பிளக்க எடுக்கணும். பட்டுனு பிடுங்கினா உள்ள எழுதிட்டிருக்கிற ஃபைல் கெட்டுப்போயிடும்பா."

முதல் தடவை இஸ்திரிப்பெட்டியைச் செருக இடம் வேண்டி, ஃபயர்வாலின் பிளக்கைத் தெரியாமல்தான் பிடுங்கினார். பெட்டி படுத்துவிட்டது. மகள் மதியம் முழுக்க போனில் இருந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிசெய்தாள். பெட்டி மெள்ள எழுந்துவரும் இடைவெளியில் சாப்பிட்டீங்களா, முட்டிவலி எப்படி என்றெல்லாம் கேட்டாள். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு நடந்ததே இல்லை. மனிதர் ருசி கண்டுவிட்டார்.

அப்புறம் எல்லாம் தெரிந்தே பிடுங்கியதுதான். சும்மா கூப்பிட்டால், "என்ன விஷயம்பா? மீட்டிங்ல இருக்கேன்" என்பாள். விஷயமே இல்லாதவர் என்ன செய்வார்? "கரண்ட் போயிடுச்சு பாப்பா" என்று வாய் கூசாமல் புளுகினார்.

மகள் பாவம், நம்பினாள். பேட்டரி ஒன்றை வாங்கி அனுப்பினாள். கரண்ட் போனால் அதுவே பெட்டியை ஒழுங்காக நிறுத்திவிடுமாம். கடைக்காரர் வந்து மாட்டிவிட்டுப் போனார்.

இன்று காலை டிரைவருக்குக் கை அரித்தது. பேட்டரியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். சற்று நேரத்தில் பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மறுபடி செருகியதும் சமர்த்தாக எழுந்து வேலையைப் பார்க்கத் தொடங்கியது. பெட்டியின் நிலவரம் மகளுக்கு அங்கிருந்தே தெரியும். செய்தி அனுப்பினாள்: "சூப்பர்பா. ஒரு ஃபைலும் கெடல. இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல."

அந்தத் தொந்தரவு ஒன்றுதானே அவருக்கு மிச்சமிருந்தது. மகளை அழைத்தார்.

"சொல்லுங்கப்பா. பெட்டிக்கு என்ன?" அவள் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தமும் கூடவே கேட்டது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"எனக்குத்தான் பேச ஆள் இல்ல பாப்பா."

தட்டுகிற சத்தம் நின்றது.

"அப்போ கரண்ட் ஒரு தடவைகூடப் போகலையாப்பா?" என்றாள் மகள்.