முன்கதவுக்கு ஒரு சாய்தளம்

நியூஃபவுண்ட்லாந்தின் அந்த மீன்பிடி ஊரில் யாரும் முன்கதவைத் திறப்பதில்லை. வருகிறவர்கள் தட்டாமல் கொள்ளாமல் அடுக்களைக் கதவு வழியாக வந்து தேநீருக்கு உட்கார்ந்துவிடுவார்கள். முன்கதவு பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும்தான். ஆம்புரோஸ் வீட்டு முன்கதவுக்குப் படிகூடக் கிடையாது.

அவர் மனைவி லொரேட்டா பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபோது, பக்கத்து வீட்டு கஸ் ஓடி வந்தார். "பலகை எங்கிட்டயே கிடக்கு. நாலு பேர் கூடினா சனிக்கிழமைக்குள்ள சாய்தளம் போட்டுடலாம்" என்றார்.

ஆல்பர்ட்டாவிலிருந்த மகள் போனில் அதட்டினாள். "அப்பா, இந்த வேலைக்கு வரிச் சலுகை இருக்கு. ஆனா ஒழுங்கான பில் வேணும். கஸ் மாமா பில் குடுப்பாரா?"

ஆம்புரோஸுக்கு அது நியாயமாகப் பட்டது. கஸ்ஸிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகரத்துக் கம்பெனியைக் கூப்பிட்டார். அவர் கடலுக்குப் போயிருந்த நாளில் ஆட்கள் வந்தார்கள். அடுக்களைக் கதவு இருந்த பின்பக்கம் ஒரே பாறை என்று முன்கதவுக்கு நேராகச் சாய்தளத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பினார்கள். பில் கச்சிதமாக இருந்தது. வசந்தத்தில் சலுகையும் கிடைத்தது.

லொரேட்டாதான் அசையவில்லை.

"எங்கம்மா அந்த வழியாத்தான் பெட்டியில போனா. என் முறை வரும்போது நானும் போறேன். இப்ப என்னய்யா அவசரம்?"

வெள்ளிக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் சீட்டாட்டம். கஸ்தான் அவளுக்கு ஜோடி. கூடத்தில் விளக்கு எரிவதை ஜன்னல் வழியே அவள் பார்த்துக்கொண்டிருப்பது ஆம்புரோஸின் நெஞ்சை அறுத்தது. கடைசியில் வீறாப்பை விட்டுவிட்டு கஸ் வீட்டுக்குப் போனார்.

"வாய்யா, பில்லுக்காரரே! வழி தெரிஞ்சுதா?"

"குத்தாதே கஸ். எங்க அடுக்களைப் படியைப் பேர்த்தெடுக்கணும். வர்றியா?"

கஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் சுத்தியலைத் தேடினார். "பில் கேக்க மாட்டியே?"

மதியத்துக்குள் படி இருந்த இடத்தில் வெறும் பாறைதான் இருந்தது. "இத்துப்போச்சும்மா" என்று ஆம்புரோஸ் கூசாமல் பொய் சொன்னார். லொரேட்டா நம்பவில்லை.

மறுநாள் காலை முன்கதவு படாரென்று திறந்தது. கையில் காட் மீனும் காலில் சேறு ஒழுகும் ரப்பர் பூட்ஸுமாக, கஸ் முன்னறைக் கம்பளத்தின் நடுவில் நின்றார்.

"அடப்பாவி! எங்கம்மா கம்பளம்!" லொரேட்டா நாற்காலியை உருட்டிக்கொண்டு பாய்ந்தாள். "வெளிய போய்யா! உனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"வேற வழி ஏது தாயே? படியத்தான் காணோமே!" கஸ் பின்வாங்கினார். அவள் விடவில்லை. திட்டித் தீர்த்தபடி கதவைத் தாண்டி, சாய்தளத்தில் பாதி தூரம் துரத்தியபோது கடல்காற்று முகத்தில் அறைந்தது. சட்டென்று சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

வாசலில் நின்ற ஆம்புரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் துறையைப் பார்த்தாள், படகுகளைப் பார்த்தாள், பிறகு தேவாலயக் கூடத்தைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமைச் சீட்டுக்கு இப்ப யாருய்யா உனக்கு ஜோடி?" என்று கேட்டாள்.

"யாருமில்ல" என்றார் கஸ். "நான் சும்மா உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வர்றேன்."