கழுத்துக் கோடு

“ஆணி ஒன்டு தா புள்ள” என்று அஸீஸ் நாநா பின்னால் கையை நீட்டினார். அவர் தங்கச்சி ஸுலைஹா எடுத்துக் கொடுத்தாள். கூப்பனுக்கு வாங்கிய பூப்போட்ட சீத்தைத் துணி சுவர்ப் படங்கள்மேல் விரிந்தது. மான் கொம்பு வைத்த சேவல் மறைந்தது. மீன் வால் யானையும் மறைந்தது. கட்டிலில் அவள் புருஷன் ஹுமைத் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். விடியற்காலை சுபஹு நேரத்தில் தண்ணீர் கேட்டவர், கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

“உருவப்படம் இரிக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குமார் வர மாட்டாங்க. அடக்கிட்டு வந்து சுண்ணாம்பு அடிச்சிருவம்” என்றார் நாநா.

இதையே அவளும் சொன்னவள்தான். பதுளை பஸாரில் பெயின்ட் கடை, பின்னால் வீடு. டின்னில் மிஞ்சியதையெல்லாம் கொண்டுவந்து மனுஷன் சுவரில் யானை வரைந்தார். கல்யாணமான புதிது. அவள் அழுதே விட்டாள்.

“மறுமையில, இதுக்கு உசுரு குடு பாப்பம் என்டு கேப்பாங்களே, என்ன செய்வீங்க?”

அவருக்கு என்ன ஆகுமோ என்று நிஜமாகவே பயந்தாள். அவரோ சிரித்தார். மறுநாள் யானைக்கு மீன் வால் முளைத்திருந்தது.

“இப்பிடி ஒரு உசுரு இந்தத் துன்யாவுல இரிக்கா? இல்லாததுக்கு எப்பிடிக் கேப்பாங்க?”

அவர் வாய்க்கு முன்னால் யாரால் நிற்க முடியும்? பிறகு கொம்புச் சேவல் வந்தது, சிறகு வைத்த முள்ளம்பன்றி வந்தது. தீபாவளிக்குச் சுண்ணாம்பு வாங்க வரும் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து ஆட்கள், “பாய், புதுசா என்னா பொறந்திருக்கு?” என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

பயம் தீராமல் அவள் பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டனுப்பினாள். கழுத்தில் கோடு போட்டால் வெட்டின மாதிரி, உயிரில்லை என்று பதில் வந்தது. அதை அவள் சொன்னதும் ஹுமைத் மறுபேச்சில்லாமல் எல்லாவற்றுக்கும் கோடு போட்டார். விடிந்து பார்த்தால், கோட்டில் கருமணிகள் கோத்திருந்தார். அவளுக்கு அவர் கட்டிய அதே கருகமணி. நடுவில் அதே தங்கக் குண்டு. கோபப்படப் பார்த்தாள், சிரிப்புத்தான் வந்தது. அவர் சிரித்த சிரிப்பு அடுப்படிவரை கேட்டது. அது இப்போது ஒரு தடவை கேட்டால் போதும்போல் இருந்தது அவளுக்கு.

லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் ஹுமைத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போனார்கள். நாநாவின் மனைவி றஷீனா அவளுக்கு, புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தாவுக்கு வெள்ளை உடுத்திவிட்டாள். பின்கழுத்துக் கொக்கியை அவிழ்த்து, கருகமணியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

அடக்கம் முடிந்து அஸீஸ் நாநா வாளியோடு வந்தார். ஸுலைஹா எழுந்துபோய்ச் சீத்தையை ஆணியிலிருந்து கழற்றி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“சுண்ணாம்பு வேணாம் நாநா. இதுகளுக்கு உசுரில்ல. கழுத்துல கோடு இரிக்கி.”

நாநா யானையைப் பார்த்தார். பிறகு தங்கச்சியைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

இத்தனை வருடம் கருகமணி கிடந்த அவள் கழுத்தைச் சுற்றி, வெளுத்த கோடு ஒன்று இருந்தது.