விமானத்து ஆளும் கேன்டீன் காந்தாவும்

1
இந்தக் கதை என்னுடையதல்ல. வக்கீல் தோழி ஒருத்தி தன் கட்சிக்காரியைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னாள்; நான் பிடித்துக்கொண்டேன். பெயர்கள் மட்டும் நான் வைத்தவை.

2
2001ஆம் வருடம், பெங்களூரில் ஒரு மழைநாளில்... (வேண்டாம். மழை பெய்ததா என்று நான் கேட்கவேயில்லை.)

அந்த ஊர் மர்பி டவுனில் குடியிருந்த காந்தா ஓர் அரசு நிறுவனத்தின் கேன்டீனில் பரிமாறுகிறவள். ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்ததும் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"உன் கையால சாப்புட எல்லாரும் பயப்படுறாங்கம்மா" என்றார் மேனேஜர் நாகேஷ்.

முதலில் அவரைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார்.

3
காந்தா வழக்குப் போட்டாள். உயர் நீதிமன்ற வராந்தாவில் அவளுடைய வக்கீல் சங்கமித்ரா (என் தோழிதான்) விளக்கினாள்.

"தென்னாப்பிரிக்காவுல ஒருத்தரு, அக்கா. விமானத்துல பயணிகளுக்குப் பரிமாறுற வேலை கேட்டாரு. உங்களுக்கு இருக்கறதுதான் அவருக்கும். முடியாதுன்னுட்டாங்க. அந்த நாட்டுப் பெரிய கோர்ட்டு, ஜனங்க பயப்படுறாங்கன்னு இவர ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு."

"வேலை குடுத்தாங்களா மேடம்?"

"குடுக்கச் சொல்லி உத்தரவு."

காந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதுவரை, இந்த உலகத்தில் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

4
(வாதம் ஆங்கிலத்தில் நடந்தது. என் தமிழில் தருகிறேன்.)

"அயல்நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்துமா?" என்றார் நீதிபதி.

"கட்டுப்படுத்தாது, மை லார்ட். சமத்துவ உரிமை நம் அரசியலமைப்பின் பதினான்காம் பிரிவிலேயே இருக்கிறது. இதே பயம் அங்கேயும் வந்தது. அதை அவர்கள் எப்படித் தாண்டினார்கள் என்று காட்டத்தான் கொண்டுவந்தேன். உணவால் இது பரவாது என்று மருத்துவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி... (கழற்றினாரோ என்னவோ.) தீர்ப்பு மட்டும் உறுதி: காந்தாவை மறுபடி அதே வேலையில் சேர்க்க வேண்டும்.

5
முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் அழுதாள். அந்த வரியை அடித்துவிட்டேன், ஏனென்றால் அன்று அவள் சிரித்தாளாம்.

"மேடம், இனி வேற நாட்டுல யாருக்காச்சும் இப்படி ஆனா, என் கேஸ எடுத்துப் பேசுவாங்களா?"

"பேசலாம்க்கா. உங்க பேரு தெரியாது. கேஸுல பேர மறைச்சு வெறும் ஒரு எழுத்துதான போட்டிருக்கோம்."

"பேரையே போடச் சொல்லுங்க. இப்படி ஒருத்தி ஜெயிச்சான்னு தெரியட்டும்."

திங்கட்கிழமை காலை கேன்டீன் திறக்கிறது. காந்தா இட்லித் தட்டை நீட்டுகிறாள். அதை வாங்கும் கையை நான் எழுதப்போவதில்லை. வரிசையில் முதல் ஆளாக நிற்பது நீங்கள்.